நீலகிரியில் ஒரு மழைமானிக்குச் சரியான நேரம்: இணையத்தில் கேட்பதும் கையில் வைத்திருப்பதும்

வானிலைத் துறையின் மழைக்கணக்கில் ஒரு நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. உலகப் பொது நேரமான யூடிசியில் அது சரியாக 3 மணி. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதைச் சீராகப் பிரித்தாலே பத்து நிமிடத்துக்கு ஐந்தரை மில்லிமீட்டர் வரும். அப்படியொரு காலையில் உங்கள் மழைமானியின் கடிகாரம் பத்து நிமிடம் பிசகியிருந்தால், அந்த ஐந்தரை மில்லிமீட்டரும் வேறொரு நாளின் கணக்கில் ஏறிவிடும்.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஊட்டியிலும் வீட்டிலேயே மழைமானியோ உறைபனி பதிவுக் கருவியோ செய்துபார்க்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். மின்னணுவியலில் அடிப்படை தெரிந்திருந்தால் போதும். கருவியின் மூளையாக, வைஃபையை உள்ளேயே கொண்ட ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டை எடுத்துக்கொள்கிறேன். பழைய ஈஎஸ்பி8266 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை, வைஃபையோடு இணைத்து நேரத்தைக் கேட்டு வாங்குவதோடு முடிந்துவிடுகின்றன. சமவெளியில் அது போதுமானதாக இருக்கலாம். இங்கே தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரன்ட் போகும், கேபிள் அறும், செல்போன் கோபுரம் அணையும். எந்த நேரத்தில் பதிவு மிக முக்கியமோ, அந்த நேரத்தில்தான் இணையம் இருக்காது. ஆகவே இங்கே வேலை மூன்றாகிறது: அரிதாகக் கேட்பது, வந்த பதிலைச் சோதிப்பது, அடுத்து கேட்கும்வரை நேரத்தைப் பத்திரமாக வைத்திருப்பது. மூன்றாவதுதான் கடினம்.

வாங்க வேண்டியவை

ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ஒரு டிஎஸ்3231 கடிகார மாட்யூல், நான்கு ஜம்பர் கம்பிகள், ஒரு பட்டன் பேட்டரி. வீட்டு ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்க வேண்டும்; இந்த போர்டுகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ‘வைஃபை கிடைக்கவே இல்லை’ என்று வரும் புகார்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

கடிகார மாட்யூல் வாங்கும்போது டிஎஸ்1307 விலை குறைவாகக் கிடைக்கிறது என்று அதன் பக்கம் போகாதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அது மலைக்கே உரிய காரணம்.

கேள்வி எப்படிப் போகிறது, பதில் எப்படி வருகிறது

இணையத்தில் நேரம் கேட்பதற்கான முறை என்டிபி. டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் வகுத்தது. 1985-இல் முதல் வரையறை வெளிவந்தது. இன்று புழக்கத்தில் இருக்கும் நான்காம் பதிப்பின் வரையறை 2010-ஐச் சேர்ந்தது. கேள்வியும் பதிலும் தலா 48 பைட் கொண்ட சிறு பாக்கெட்டுகள். யூடிபி என்ற எளிய அனுப்புமுறை வழியாக, சர்வரில் நேரம் கேட்பதற்கான வாசலான 123-ஆம் போர்ட்டுக்குப் போகும்.

பாக்கெட்டின் முதல் பைட்டில் 35 என்ற எண்ணை வைத்தால் ‘நான்காம் பதிப்பில் கேட்கிறேன், நான் கேட்பவன்’ என்று பொருள். பழைய பாடங்களில் 27 என்று இருக்கும். அது மூன்றாம் பதிப்பு, அதற்கும் பதில் வரும். மீதி பைட்டுகள் சுழியமாக இருக்கலாம். ஆனால் கடைசி எட்டு பைட்டுகளில் நீங்கள் கேள்வி அனுப்பிய நேரத்தையோ ஏதாவது ஒரு தற்செயல் எண்ணையோ எழுதிவிடுங்கள். சர்வர் அதை அப்படியே பதிலின் 24-ஆம் பைட்டிலிருந்து திருப்பி வைக்கும். வந்தது உங்கள் கேள்விக்கான பதில்தானா என்று பார்க்க அது உதவும்.

பதிலில் 32-ஆம் பைட்டில் தொடங்குவது, கேள்வி சர்வரை எட்டிய நேரம். 40-ஆம் பைட்டில் தொடங்குவது, பதில் கிளம்பிய நேரம். ஒவ்வொன்றிலும் முதல் நான்கு பைட் முழு நொடி, அடுத்த நான்கு நொடியின் பின்னம். பல எளிய நிரல்கள் 40 முதல் 43 வரை மட்டும் படித்துவிட்டு பின்னத்தைத் தூக்கிப் போட்டுவிடுகின்றன. அங்கேயே ஒரு நொடி வரை பிழை நுழைந்துவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உங்கள் போர்டின் கடிகாரப்படி 10 மணி 0.000 நொடிக்குக் கேள்வி கிளம்பியது. சர்வரின் கடிகாரப்படி 2.060 நொடிக்கு அது போய்ச் சேர்ந்தது, 2.061 நொடிக்குப் பதில் கிளம்பியது. உங்கள் கடிகாரத்தில் 0.141 நொடிக்குப் பதில் வந்துவிட்டது. போகும்போது தெரிந்த வித்தியாசம் 2.060; வரும்போது தெரிந்த வித்தியாசம் 2.061-இலிருந்து 0.141-ஐக் கழித்தால் 1.920. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.990. உங்கள் கடிகாரம் அவ்வளவு நொடி பின்தங்கியிருக்கிறது. போய்வந்த மொத்தப் பயணத்துக்கு ஆனது 0.140 நொடி.

இந்தக் கணக்கு, போகும் வழியும் வரும் வழியும் சம நேரம் எடுத்தன என்று நம்பிக்கொள்கிறது. செல்போன் இணைப்பில் அது பெரும்பாலும் உண்மையில்லை. போக 120 மில்லிநொடியும் வர 20 மில்லிநொடியும் ஆகியிருந்தால் விடையில் 50 மில்லிநொடி பிழை இருக்கும். எப்படிப் பார்த்தாலும் பிழை மொத்தப் பயணத்தின் பாதியைத் தாண்டாது. இந்த எடுத்துக்காட்டில் 70 மில்லிநொடி. மழைமானிக்கு இது பொருட்டே அல்ல. மின்னல் பதிவுக் கருவி செய்பவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டும். அவர்களுக்கு என்டிபி போதாது, ஜிபிஎஸ் வேண்டும்.

எந்தச் சர்வரைக் கேட்பது

இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தைப் பேணுவது புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் பொதுச் சர்வரின் முகவரி ‘டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஆர்க்’. தேசியத் தகவலியல் மையத்துக்கும் ‘சமய்1’, ‘சமய்2’ என்ற பெயர்களில் சர்வர்கள் உள்ளன. தன்னார்வலர்கள் இயக்கும் சர்வர்களின் தொகுப்பான ‘பூல் டாட் என்டிபி டாட் ஆர்க்’ 2003-லிருந்து இயங்குகிறது. அதன் முன்னால் ‘இன் டாட்’ சேர்த்தால் இந்தியத் தொகுப்பு கிடைக்கும். மூன்று பெயர்களைக் கொடுத்து வைப்பது நல்லது: முதலில் இந்தியத் தொகுப்பு, அடுத்து தேசிய ஆய்வகம், கடைசியில் பொதுத் தொகுப்பு.

கூகுளின் நேரச் சர்வரை இவற்றோடு கலக்க வேண்டாம். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் அவ்வப்போது சேர்க்கும் கூடுதல் நொடிக்கு லீப் நொடி என்று பெயர். அது வரும் நாளில் கூகுளின் சர்வர் அந்த ஒரு நொடியை நாள் முழுவதும் கரைத்துக் கொடுக்கும். மற்றவை அப்படிச் செய்வதில்லை. கடைசி லீப் நொடி 2016 டிசம்பர் 31-இல் சேர்க்கப்பட்டது. 2035-க்குள் இந்த ஏற்பாட்டையே கைவிட 2022-இல் முடிவானது. நடைமுறையில் சிக்கல் வர வாய்ப்பு குறைவு. ஆனாலும் இரண்டு வகையையும் கலக்க ஒரு காரணமும் இல்லை.

பெயருக்குப் பதிலாக ஐபி எண்ணை நிரலில் எழுதிவிடாதீர்கள். 2003-இல் நெட்கியர் ரவுட்டர்கள் சிலவற்றில் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேரச் சர்வர் எண்ணை உற்பத்தியிலேயே பதித்துவிட்டார்கள். பதில் வராவிட்டால் நொடிக்கொருமுறை கேட்கும்படியும் நிரல் இருந்தது. விளைவாக அந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பே திணறியது. நம் போர்டு ஒன்றுதானே என்று தோன்றும். அந்த ரவுட்டர்களும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுதான்.

நிரலில் எழுத வேண்டியது

ஆர்டுயினோ என்ற நிரலெழுதும் சூழலில் ஈஎஸ்பி32-க்கு ‘கான்ஃபிக்-டிஇசட்-டைம்’ என்ற செயல்கூறு இருக்கிறது. அதற்கு நேர மண்டலத்தையும் மூன்று சர்வர் பெயர்களையும் கொடுத்தால் போதும். பின்னணியில் கேட்டு வாங்கி, மணிக்கொருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும். தனி லைப்ரரி தேவையில்லை. பொழுதுபோக்காளர்கள் பலர் பயன்படுத்தும் என்டிபிகிளையண்ட் லைப்ரரி, நீங்கள் மாற்றாவிட்டால் 60 நொடிக்கொருமுறை சர்வரைத் தட்டும். நொடிப் பின்னத்தையும் கண்டுகொள்ளாது. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

நேர மண்டலத்தை எழுதும் இடத்தில் எல்லோரும் ஒருமுறை நின்று யோசிப்பார்கள். நாம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆனால் ‘ஐஎஸ்டி’ என்ற மூன்று எழுத்துக்குப் பின் கழித்தல் குறி போட்டு 5:30 என்று எழுத வேண்டும். உள்ளூர் நேரத்தோடு எதைக் கூட்டினால் யூடிசி வரும் என்பதே அங்கே கேள்வி. அதனால்தான் குறி தலைகீழாக இருக்கிறது. கூட்டல் குறி போட்டால் கடிகாரம் பதினொரு மணி நேரம் பின்தங்கும். பழைய ‘கான்ஃபிக்-டைம்’ செயல்கூற்றிலோ 19800 நொடி என்று நேராகவே கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: பதிவுக் கோப்பில் யூடிசியை எழுதுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் இந்திய நேரமாக்குங்கள். மழைநாள் யூடிசி 3 மணிக்கு மாறுவதால் கணக்கும் எளிதாகிறது.

வெயிலை வைத்து நேரத்தைச் சரிபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஊட்டி ஏறத்தாழ 76.7 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், இங்கே சூரியன் உச்சிக்கு வர சராசரியாக 12.23 ஆகிவிடும். நிழல் 12 மணிக்குக் குட்டையாகவில்லை என்று கடிகாரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

பதிலைச் சோதித்தல்

போர்டு அனுப்பும் வரிகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று வந்தால் நேரம் இன்னும் கிடைக்கவே இல்லை என்று அர்த்தம். கணினிகள் நொடிகளை எண்ணும் யுனிக்ஸ் கணக்கின் சுழியம் அது; ஐந்தரை மணி நேரம் நம் மண்டலத்தால் சேர்ந்தது. 2036 பிப்ரவரி 7, காலை 11.58.16 என்று வந்தால் கதை வேறு. என்டிபி 1900 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை எண்ணுகிறது. யுனிக்ஸுக்கு மாற்ற 2208988800-ஐக் கழிக்கிறோம். வெறும் சுழியங்கள் நிறைந்த பாக்கெட்டிலிருந்து கழித்தால் 32 பிட் எண் சுற்றிக்கொண்டு அந்தத் தேதியில் போய் நிற்கும். என்டிபியின் 32 பிட் நொடி எண்ணி உண்மையாகவே நிரம்பி வழியப்போகும் தருணமும் அதுதான். இன்று செய்யும் கருவி அதுவரை ஓட வேண்டும் என்றால், எண்ணின் உச்ச பிட் சுழியமாக இருக்கும்போது 4294967296-ஐக் கூட்டிக்கொள்ளும்படி இப்போதே எழுதிவிடுங்கள்.

நீங்களே பாக்கெட்டைப் படிக்கிறீர்கள் என்றால், பின்வருவனவற்றில் எது தவறினாலும் பதிலைத் தள்ளிவிடுங்கள். 24-ஆம் பைட்டில் நீங்கள் அனுப்பிய எண் திரும்பி வந்திருக்க வேண்டும். முதல் பைட்டின் கடைசி மூன்று பிட்டுகள் 4 என்று இருக்க வேண்டும். அது சர்வரின் அடையாளம். அதே பைட்டின் முதல் இரண்டு பிட்டுகள் 3 என்று இருந்தால், சர்வரே தன் நேரத்தை இழந்து நிற்கிறது. இரண்டாவது பைட் அடுக்கு எண்: 1 என்றால் அணுக் கடிகாரத்தோடோ ஜிபிஎஸ்ஸோடோ நேரடித் தொடர்பு, 2 என்றால் அதனிடம் கேட்டது, இப்படியே 15 வரை. 16 என்றால் ஒத்திசைவு இல்லை. சுழியம் வந்தால் அது சர்வரின் கண்டிப்பு. ‘ரேட்’ என்ற குறிப்போடு வந்தால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று பொருள், உடனே இடைவெளியைக் கூட்ட வேண்டும். பயண நேரம் ஒரு நொடியைத் தாண்டிய பதிலையும் நான் எடுத்துக்கொள்வதில்லை. கடைசியாக, நீங்கள் நிரலை ஏற்றிய தேதிக்கு முந்திய நேரம் எதுவானாலும் பொய்.

குளிரும் படிகமும்

மலைக்கு உரிய காரணம் என்று சொன்னேனே, அது இதுதான். சாதாரணக் கடிகாரப் படிகம் நொடிக்கு 32768 முறை அதிர்வது. 25 டிகிரியில் அது சரியாக ஓடும்படி வெட்டப்பட்டிருக்கிறது. அதைவிட வெயில் ஏறினாலும் குளிர் கூடினாலும் மெதுவாகவே ஓடும். இரண்டு பக்கமும் பின்தங்கல்தான். எவ்வளவு என்றால், 25-இலிருந்து எத்தனை டிகிரி விலகியதோ அதன் இருமடியை 0.034-ஆல் பெருக்கினால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று வரும்.

ஊட்டியில் 15 டிகிரி என்பது இதமான நாள். விலகல் 10, இருமடி 100, பிழை 3.4 பங்கு: நாளுக்கு 0.3 நொடி. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி படரும் இரவுகளில், வெளியே கம்பத்தில் மாட்டிய பெட்டிக்குள் 5 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விலகல் 20, பிழை 13.6 பங்கு: நாளுக்கு ஏறக்குறைய 1.2 நொடி, மாதத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல். டிஎஸ்1307 இந்தப் பிழையைத் திருத்த எதுவும் செய்வதில்லை.

டிஎஸ்3231-இன் உள்ளே வெப்பநிலை உணரி ஒன்று இருக்கிறது. 64 நொடிக்கொருமுறை அளந்து படிகத்தின் ஓட்டத்தைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் பிழை என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி; ஆண்டு முழுவதும் விட்டுவைத்தாலும் ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் பிசகும். சில்லின் மேல் கடைசி எழுத்து ‘எம்’ என்று இருந்தால் அது 5 பங்கு வகை. மழைமானிக்கு அதுவும் போதும்.

ஈஎஸ்பி32-இன் சொந்தக் கடிகாரத்தை நம்பினால் என்ன? விழித்திருக்கும்போது பரவாயில்லை. பேட்டரியில் ஓடும் கருவியை ஆழ்ந்த உறக்கத்தில் வைத்தால், நேரத்தை எண்ணும் வேலை 150 கிலோஹெர்ட்ஸ் உள் அலையாக்கியிடம் (துடிப்பு உண்டாக்கும் சுற்றிடம்) போகிறது. அதில் படிகமே கிடையாது. பகலின் வெப்பத்துக்கும் இரவின் குளிருக்கும் ஏற்ப வேகம் மாறிக்கொண்டே இருக்கும். மலையில் அதை நம்ப முடியாது.

கம்பி இணைப்பு எளிது: மின்சாரம் 3.3 வோல்ட், தரை, மீதி இரண்டும் சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பிகள், ஈஎஸ்பி32-இல் வழக்கமாக 21 (தரவு), 22 (துடிப்பு). ஸ்கேன் செய்தால் பதினாறடிமானத்தில் 68 என்ற முகவரியில் கடிகாரம் தெரியும். 57-உம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது மாட்யூலில் உள்ள நினைவகச் சில்.

சந்தையில் கிடைக்கும் நீல நிற மாட்யூலில் ஒரு வில்லங்கம் உண்டு. பட்டன் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வைத்திருக்கிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிஆர்2032 சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரி. 5 வோல்ட் கொடுத்தால் அது உப்பிப் போகலாம். ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிடுங்கள்.

என்டிபி நேரத்தை இந்தச் சில்லில் எழுதும்போது, முழு நொடி மாறும் கணம்வரை காத்திருந்து எழுதுங்கள். நொடிப் பதிவேட்டில் எழுதிய கணமே உள்ளே நொடியின் பின்னம் சுழியமாகிவிடும். 10 மணி 5.7 நொடியில் ‘5’ என்று எழுதினால், எழுதும்போதே 0.7 நொடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டீர்கள்.

மாதக்கணக்கில் ஓடிய பிறகு, என்டிபியோடு ஒப்பிட்டு எவ்வளவு பிசகியிருக்கிறது என்று பார்த்து, சில்லின் மூப்புத் திருத்தப் பதிவேட்டில் சிறு எண் ஒன்றை எழுதலாம். ஒரு படிக்கு ஏறக்குறைய 0.1 பங்கு, நாளுக்கு 9 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவு. கூட்டல் எண் ஓட்டத்தை மெதுவாக்கும், கழித்தல் எண் வேகமாக்கும். மழைமானிக்கு இது அவசியமில்லை. ஆனால் செய்துபார்க்க ருசியான வேலை.

கரன்ட் வந்ததும் நடக்க வேண்டியது

மின்வெட்டு முடிந்து கரன்ட் வந்தால் ஈஎஸ்பி32 ஓரிரு நொடியில் தயார். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சில நிமிடம் ஆகும். வைஃபை கிடைக்கும்வரை அங்கேயே நின்று சுற்றும் நிரல், அந்த நிமிடங்களில் பெய்த மழையைப் பதிவே செய்யாது.

ஆகவே எழுந்தவுடன் முதலில் டிஎஸ்3231-ஐப் படியுங்கள். அதில் ‘அலையாக்கி நின்றுபோனது’ என்ற கொடி (அடையாள பிட்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் பேட்டரி தீர்ந்து நேரம் தொலைந்துவிட்டது. கொடி இறங்கியிருந்தால் அந்த நேரத்தைப் போர்டின் கடிகாரத்தில் வைத்து உடனே பதிவைத் தொடங்குங்கள். வைஃபையும் என்டிபியும் பின்னணியில் முயலட்டும்: முதலில் 15 நொடி, பிறகு 30, பிறகு 60 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள்; ஒரு மணி நேரத்துக்கு மேல் மட்டும் கூட்டாதீர்கள். அதோடு சில நொடிகளைத் தற்செயலாகச் சேருங்கள். ஊருக்கே கரன்ட் வரும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் ஒரே சர்வரைத் தட்டக்கூடாது.

பதில் வந்ததும் டிஎஸ்3231-ஓடு ஒப்பிடுங்கள். இரண்டு நொடிக்குள் வித்தியாசம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் அடுத்த சர்வரையும் கேட்டு, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே மாற்றுங்கள். நிதானமான, பேட்டரி உயிரோடு இருக்கும் டிஎஸ்3231-இன் பேச்சை ஒற்றை யூடிபி பாக்கெட்டைவிட நான் அதிகம் நம்புவேன். திருத்தத்தை ஒரே தாவலில் செய்யாமல் மென்மையாகச் செய்யும் முறையும் ஈஎஸ்பி32-இல் உண்டு. கடிகாரம் பின்னோக்கித் தாவினால் ஒரே நொடிக்கு இரண்டு பதிவுகள் விழும். மென்மையான முறையில் அது நேராது.

இயல்பான நாட்களில் ஆறு மணி நேரத்துக்கொருமுறை கேட்டால் தாராளம். டிஎஸ்3231 ஆறு மணி நேரத்தில் 43 மில்லிநொடிக்கு மேல் பிசகாது. மணிக்கொருமுறை கேட்டு என்ன ஆகப்போகிறது?

123-ஆம் போர்ட் மூடியிருந்தால்

சில விடுதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் யூடிபி 123 அடைக்கப்பட்டிருக்கும். அங்கே ஏதாவது ஒரு பெரிய வலைத்தளத்துக்கு எச்டிடிபி தலைப்புகளை மட்டும் கேட்கும் கோரிக்கை ஒன்றை அனுப்பினால், பதிலில் ‘டேட்’ என்ற வரி வரும். கிரீன்விச் நேரம், ஒரு நொடி நுணுக்கம். மழைமானிக்கு அதுவே போதும். இதற்கு பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸைப் பயன்படுத்தப் போனால் ஒரு சிடுக்கு இருக்கிறது: சான்றிதழ் காலாவதியாகவில்லை என்று சரிபார்க்கவே போர்டுக்குச் சரியான தேதி தெரிந்திருக்க வேண்டும். டிஎஸ்3231 இருந்தால் இந்தச் சிடுக்கும் அவிழ்ந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும், நேரம் ஒத்திசைந்த கணினியில் ஆர்டுயினோ சீரியல் மானிட்டரைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் நேரம் காட்டும் விருப்பத்தை இயக்குங்கள். போர்டு ஒவ்வொரு முழு நொடிக்கும் தன் நேரத்தை அனுப்பட்டும். இரண்டும் ஒரே வரியில் அடுத்தடுத்துத் தெரியும். பத்தில் ஒரு நொடிக்குள் ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

இணையமே எட்டாத தோட்டத்து மூலையில் வைக்க வேண்டியிருந்தால் நியோ-6எம் போன்ற ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் முதல் நேரத்தை உடனே எழுதிவிடக்கூடாது. ஜிபிஎஸ் கணக்கு லீப் நொடிகளைச் சேர்ப்பதில்லை; இப்போது யூடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. அந்த வித்தியாசம் எவ்வளவு என்ற தகவல் செயற்கைக்கோளிலிருந்து வர பன்னிரண்டரை நிமிடம் வரை ஆகலாம். வானம் திறந்த இடத்தில், ஷோலை மரங்களின் நிழலுக்கு வெளியே, ஆன்டெனா மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, கால் மணி நேரம் கழித்து நேரத்தை எடுத்து டிஎஸ்3231-இல் எழுதுங்கள். பிறகு ஜிபிஎஸ்ஸின் மின்சாரத்தை அணைத்துவிடலாம். வாரத்துக்கு ஒருமுறை எழுப்பினால் போதும்.